பெருந்தெருவின் படுவான்கரை

குவைத்துக்குப் போன முதல் மாதத்திலேயே கேதீஸ்வரி அந்த நகரத்தில் ஓர் ஆற்றைக் கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாத ஆறு. தலைநகரத்தை நடுவால் பிளந்துகொண்டு, வடக்கே கடலோரக் கட்டடங்களில் தொடங்கித் தெற்கே பாலைவனம் வரைக்கும் போகிற அதிவேகப் பெருந்தெரு அது. போக நாலு வரிசை, வர நாலு வரிசை, நடுவில் இடுப்பளவுக்குக் கொங்கிறீட் மதில். வேலை பார்த்த வீட்டின் மொட்டைமாடியில்தான் அவளுக்கு அறை கொடுத்திருந்தார்கள். மத்தியானம் வீட்டுக்காரர் எல்லாரும் உறங்கும் நேரத்தில் உடுப்புகளைக் காயப்போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரில் நாடியை ஊன்றிக் கண்ணைப் பாதி மூடுவாள். வாகன இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து தண்ணீர்ச் சத்தமாகும். வெயிலில் தார் மினுங்கும். அந்த மினுக்கத்துக்கு நடுவே, எந்த அவசரமும் இல்லாமல், மண்முனைத்துறைப் பாதை வந்துகொண்டிருக்கும்.

பாதை என்றால் நடக்கிற பாதை இல்லை. மட்டக்களப்பு வாவியில் ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிற தட்டையான மிதவைக்கு நம்மூரில் அதுதான் பெயர். வாவியையும் நாம் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, அது படும் பக்கம் படுவான்கரை. கேதீஸ்வரி படுவான்கரைக்காரி, முனைக்காட்டில் பிறந்தவள். வாய்க்கால் தண்ணீரிலும் ஆற்றுத் தண்ணீரிலும் மாறி மாறி ஊறி வளர்ந்த உடம்பு அது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் மணலுக்கு நடுவே வைத்தால் வேறென்ன செய்யும்? கிடைத்ததைத் தண்ணீராக்கிக்கொண்டது. பெருந்தெருவுக்குக் கிழக்கே தான் இருந்த பக்கத்துக்கு எழுவான்கரை என்றும், எதிர்ப்பக்கத்துக்குப் படுவான்கரை என்றும் அவளே பெயர் வைத்துவிட்டாள். அந்த நகரசபைக்கு இது இன்றுவரை தெரியாது.

அவள் ஏன் அங்கே போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மகள் நிருஷா தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய ஆண்டில், வயல் வட்டையில் கதிர் காவலுக்குப் போன கணவன் இராசதுரை திரும்பி வரவில்லை. தேடினார்கள், விசாரித்தார்கள், முகாம் வாசல்களில் நின்றார்கள். செத்த வீடென்றால் நம்மூரில் ஒழுங்கை நெடுக வெள்ளைத் துணி கட்டுவார்கள். தூரத்தில் வெள்ளையைக் கண்டாலே சைக்கிளில் வருகிறவன் மணியடிப்பதை நிறுத்திவிடுவான். ஆனால் உடம்பு வராத வீட்டுக்கு வெள்ளை கட்டலாமா, கூடாதா? ஊர் கூடிப் பேசியது, நாளெல்லாம் பேசியது, கடைசியில் ஒருவரும் கட்டவில்லை. கேதீஸ்வரிக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அவளுடைய மனிசனுக்கு ஒரு முழம் வெள்ளைகூட இல்லை.

மிச்சமிருந்தது மகள் ஒருத்தி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவான், பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். ஆகவே மகளைப் பெற்றவள் வீட்டையும் பெற்றாக வேண்டும். அதோடு படுவான்கரையில் அப்போது வளர்ந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கவே தாய்மார் பயந்தார்கள். அங்கால இயக்கம், இங்கால ஆமி, நடுவில் ஆறு. கேதீஸ்வரி கெட்டிக்காரியாக யோசித்தாள். சண்டை வராத இடமாகப் பார்த்து மகளுக்கு வீடு கட்டவேண்டும். சண்டை வராத இடம் எது? கடற்கரை. இரண்டாயிரமாம் ஆண்டு குவைத்துக்குப் போனாள். சமாதானம் வந்து துப்பாக்கிகள் கொஞ்சம் ஓய்ந்தபோது ஒருமுறை ஊருக்கு வந்து, நாவலடியில் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே கிடந்த மணல் நிலத்தில் அத்திவாரம் போட்டாள். அக்கா கண்ணகையையும் மகளையும் அங்கே குடிவைத்துவிட்டுத் திரும்பவும் விமானம் ஏறினாள். மகளை மிகப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பிலேயே நிம்மதியாக உறங்கவும் செய்தாள்.

நிருஷாவுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. வீட்டுக்கார மேடத்தின் நல்ல குணத்தைப் பொறுத்து மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் தொலைபேசியில் அவள் சிணுங்குவாள்.

“இஞ்ச ராவெல்லாம் கடல் சத்தம் போடுதம்மா. எனக்கு நித்திரையே வருதில்ல. நான் முனைக்காட்டுக்கு, சித்தியாக்கள்ட போறன். அங்க ஆறு சும்மா கிடக்கும்.”

“அங்கால போனியெண்டா காலை முறிப்பன்!”

குவைத்தில் இருந்துகொண்டு முனைக்காட்டில் காலை முறிப்பது எப்படி என்று இவளும் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை. பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். தாய் அதைக் கீழ்ப்படிவு என்று எடுத்துக்கொண்டாள்.

இனி எதிர்க்கரைக்கு வருவோம். ஒருநாள் பெருந்தெருவுக்கு அங்கால், நேரெதிர் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் இடுப்பில் உடுக்கிற சாரன் ஒன்று காய்ந்தது. அரக்கும் மஞ்சளுமாகப் பெரிய கட்டம் போட்ட கைத்தறிச் சாரன். இந்த நிறங்களை இவ்வளவு துணிச்சலாகச் சேர்க்கிறவர்கள் உலகத்தில் எங்கள் கரையோரத்து நெசவாளர்கள் மட்டும்தான். அன்று முழுக்கக் கேதீஸ்வரியின் சமையலில் உப்பு மாறிப்போயிற்று. அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை மேடம் தன் தங்கச்சி வீட்டு விருந்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். கார் பெருந்தெருவில் ஏறித் தெற்கே வெகுதூரம் ஓடி, ஒரு மேம்பாலத்தில் வளைந்து திரும்பி, வந்த தூரமெல்லாம் வடக்கே ஓடி நின்றபோது பார்த்தால், அது அந்தச் சாரன் காய்ந்த வீடு! கண்ணுக்கு முன்னால் இருக்கும் வீட்டுக்கு ஊரையே சுற்றி வருகிறார்கள். குசினியில் ஒரு பெண் கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு, வெற்றிலை போடக் கிடைக்காமல் வெளிறிய உதடு, துருதுருவென்ற கண்.

“எந்த ஊர் புள்ள நீ?” என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

“முனைக்காடு. நீங்க?”

“காத்தான்குடி, எழுவான்கரை. அப்ப நீ ஆத்துக்கு அங்காலயா? இஞ்ச வந்து நீ எழுவான்கரையில இரிக்காய், நான் படுவான்கரையில இரிக்கன். நல்ல வேலதான்!”

தான் ரகசியமாக வைத்திருந்த பெயர்களை வேறொருத்தியின் வாயில் கேட்டதும் கேதீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் நபீஸா. தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் நடந்த கொடுமைகள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. கோழியைத்தான் பேசினார்கள். ஊரில் எந்தக் கடையில் எந்தப் பலகாரம் நல்லது என்று பேசினார்கள். அடுத்த விருந்து எப்போது வருமோ தெரியாது என்பதால் கொடித்துணியில் பேசிக்கொள்ள ஓர் ஏற்பாடும் செய்துகொண்டார்கள். சிவப்பு காய்ந்தால் ஊரிலிருந்து தகவல் இருக்கிறது, காணும்போது சொல்கிறேன். நீலமென்றால் உடம்பு சுகமில்லை. மஞ்சள் என்றால் இன்றைக்கு மேடத்துக்குப் பேய் பிடித்திருக்கிறது, மேலே நிற்காமல் ஓடு. மஞ்சள்தான் அடிக்கடி காய்ந்தது. வெள்ளைக்கு அவர்கள் ஒன்றும் வைக்கவில்லை. வீட்டு ஆண்களின் வெள்ளை அங்கிகள் சலவைக் கடைக்குப் போய்விடும், மற்றபடி மொட்டைமாடியில் வெள்ளைக்கு வேலையே இல்லை.

இப்படியே காலம் போயிற்று. அந்தி சாயும்போது பெருந்தெருவில் விளக்குகள் வரிசையாக நகரும். ஆற்றில் இறால் பிடிக்கப் போகிறவர்களின் லாம்புகள் என்று கேதீஸ்வரி அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாதி விழிப்பிலும் பாதி உறக்கத்திலும் அவள் அந்தத் தெருவைப் பலமுறை கடந்திருக்கிறாள். கோடையில் ஆறு வற்றி முழங்காலளவு நிற்கும் இடங்களில் சின்ன வயதில் கடந்தது போலத்தான். காலைத் தூக்கி வைக்கக்கூடாது, சேற்றில் கிடக்கும் கெளுத்தியின் முள் ஏறிவிடும். பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்து இழுத்து நடக்கவேண்டும். படுவான்கரைப் பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள். கனவில் அவள் அப்படி இழுத்து இழுத்து நடப்பாள், அங்கால் கரையில் நிருஷா நிற்பாள். கரை ஏறுவதற்கு முன்னால் மேடம் கூப்பிட்டுவிடுவாள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி. குளிர்காலம் வந்தால் அந்த ஊர்ப் பணக்காரர் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கப் போய்விடுவார்கள். இருக்கிற வீட்டை விட்டுவிட்டு மணலில் படுப்பதற்கு இவ்வளவு ஆசையா என்று கேதீஸ்வரி சிரிப்பாள். அந்த முறையும் இரண்டு வீட்டுக்காரரும் ஒன்றாகப் போய்விட்டார்கள். தொலைபேசியைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள். வீட்டில் அவளும், காது கேளாத பெரியவரும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவருக்குத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள். கறுப்புத் தண்ணீர் ஒரு தெருவுக்குள் நுழைந்து வீடுகளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பிறகு ஒரு படம் வந்தது. அரபி எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் இலங்கையின் உருவம் தெரியாதா? அதன் கிழக்குக் கரை முழுக்கச் சிவப்புப் பூசியிருந்தார்கள்.

மேலே ஓடினாள். எதிர் மாடியில் நபீஸா ஏற்கெனவே நின்றாள். அவளுடைய வீட்டு ஐயா கொடுத்த பழைய கைத்தொலைபேசி அவளிடம் இருந்தது. அதைக் காதில் வைப்பதும், எடுத்துப் பார்ப்பதும், வெறுங்கையை விரித்துக் காட்டுவதுமாக அவள் அங்குமிங்கும் நடந்தாள். லைன் இல்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. இடையில் அந்தப் பெருந்தெரு எந்தக் கவலையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கேதீஸ்வரிக்கு அதன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கடலடியில் கொண்டுபோய் மகளை வைத்தது யார்? சண்டைக்குப் பயந்து, மணலில் வீடு கட்டி, போகாதே என்று காலை முறிப்பதாகவும் சொன்னது யார்? அவள் சோறு தின்னவில்லை.

பிறகு ஒரு காலை, வானமும் தெருவும் ஒரே புழுதியாகக் கிடந்தது. அடுப்பில் பெரியவருக்குச் சூப்பை வைத்துவிட்டு மேலே போனாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். புழுதிக்குள்ளே, அங்கால் கரையில், மொட்டைமாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வெள்ளை. கொடி முழுக்க வெள்ளை. சுவரிலும் வெள்ளை விரித்துத் தொங்கவிட்டிருந்தது. காற்றில் அது ஒன்றாக எழும்பி ஒன்றாகப் படிந்தது.

செத்த வீடு. அவளுடைய கண் அதைத்தான் வாசித்தது, வேறெதையும் வாசிக்க அதற்குத் தெரியாது. ஓர் ஆளுக்கு இவ்வளவு வெள்ளை கட்டமாட்டார்கள் என்றும் அவளுக்குத் தோன்றிற்று. அக்காவும் மகளும் ஒரே வீட்டில்தானே படுத்தார்கள்.

அழுகை வரவில்லை. படியால் இறங்கினாள், வாசற்கதவைத் திறந்தாள், செருப்புக்கூடப் போடாமல் நடந்தாள். பெருந்தெருவோர வேலிக் கம்பியில் ஓரிடம் கிழிந்து கிடந்தது அவளுக்குத் தெரியும், எத்தனை மத்தியானம் மேலேயிருந்து பார்த்த இடம் அது! அதற்குள்ளால் குனிந்து போய்த் தாரில் கால் வைத்தாள். அவளுக்குப் பிறகு யோசித்தாலும் அந்த நேரம் சத்தமில்லாமல்தான் ஞாபகம் வருகிறது. புழுதிக்குள்ளிருந்து விளக்குகள் வந்தன, வளைந்தன, போயின. தார் முழங்கால் அளவுக்கு அசைந்தது. அவள் காலைத் தூக்கவே இல்லை. பாதத்தை இழுத்து இழுத்து, கெளுத்தி முள்ளுக்குப் பயந்து நடக்கும் பிள்ளையாக நடந்தாள். தண்ணீர்த் தாங்கி ஏற்றிய பவுசர் லொறி ஒன்று கிறீச்சென்று குறுக்கே நின்று, அதன் பின்னால் வந்ததையெல்லாம் மறித்தது. தாடிக்காரச் சாரதி யன்னலால் உடம்பைப் பாதி வெளியே போட்டுக் கையை விரித்து, போ, போ என்றான். நடு மதிலில் வயிறு உரசி ஏறி அங்கால் விழுந்தாள். மிச்சத்தையும் நடந்தாள். மகளுக்கு வெள்ளை கட்டியிருக்கிறார்கள், தாய் போய் நிற்கவேண்டாமா? அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

நபீஸா மேலேயிருந்து கண்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்தாள். வாசலிலேயே இவளைப் பிடித்துக்கொண்டாள்.

“அல்லாவே! ஒனக்கென்ன புள்ள பைத்தியமா? அந்த றோட்டால ஆராச்சும் நடந்து வருவாங்களா?”

“ஆருக்கு நபீஸா? ரெண்டு பேருக்குமா?”

“என்ன ஆருக்கு?”

“மேல வெள்ளை கட்டியிருக்கியே... ஆருக்கு?”

நபீஸா திரும்பி மாடியைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். முகம் பேயறைந்தது போலாயிற்று.

“ஒன்ட மகள் இரிக்காள் எண்டு சொல்லத்தான் புள்ள போட்டன்! இந்தப் புழுதிக்க செவப்பு விளங்குமா? வெள்ளதானே தூரத்துக்கு விளங்கும். விருந்தாளிமாருக்கு வெச்ச கட்டில் சீலையெல்லாம் எடுத்துப் போட்டன். அவள் இரிக்காள், கேக்குதா? முனைக்காட்டில இரிக்காள். எங்கட காக்கா கண்ணால கண்டிட்டு இப்பதான் பேசினாரு.”

கேதீஸ்வரி அந்த வாசல் மண்ணிலேயே குந்திவிட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாதபடி வந்தது. நபீஸா அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடந்தது இதுதான். நபீஸா காக்கா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன் அப்துல் மஜீத் முதலில் நாவலடிக்குப் போயிருக்கிறார். வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் இல்லை. பள்ளிக்கூடங்களிலும் கோவில்களிலும் தேடியிருக்கிறார். பிறகு மோட்டார் சைக்கிளை மண்முனைப் பாதையில் ஏற்றிப் படுவான்கரைக்குப் போயிருக்கிறார். காத்தான்குடி ஆள் ஒருவர் அந்தக் காலத்தில் தனியாக அங்கால் போவது சாதாரண காரியமில்லை. போனார், முனைக்காட்டில் விசாரித்தார், சித்தி வீட்டு வேலிக்குள் நின்ற நிருஷாவைக் கண்டார். தாய் சொல் கேட்காமல், லீவு விட்டதும் பெரியம்மாவிடம் கெஞ்சி, சனிக்கிழமையே ஆறு கடந்துவிட்டாள் அந்தக் கள்ளி. அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று பெரியம்மாவும் சத்தியம் செய்து அனுப்பியிருக்கிறாள்.

“அக்கா?” என்று கேட்டாள் கேதீஸ்வரி.

நபீஸா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். அது போதுமாயிருந்தது. கண்ணகை அக்கா வீட்டில்தான் இருந்தாள். ஆற்றுப் பக்கம் உடம்பை எடுத்து, அங்கேயே அடக்கினார்களாம். அந்த நாட்களில் எந்த ஒழுங்கையிலும் வெள்ளை கட்ட ஆட்கள் இல்லை. நபீஸாவின் கொடியில் ஆடிய வெள்ளை அப்போது அக்காவுக்கும் ஆயிற்று.

கைத்தொலைபேசியை நபீஸா இவளிடம் நீட்டினாள். காக்கா இன்னும் முனைக்காட்டில்தான் நின்றார். எத்தனையோ முயற்சிக்குப் பிறகு, காற்றிரைச்சலுக்குள்ளே மகளின் குரல் வந்தது.

“அம்மா... சொல் கேக்காமப் போனன் எண்டு ஏசுவீங்களா?”

இல்லை மனே, இல்லை மனே என்று கேதீஸ்வரி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மேடம் கூடாரத்திலிருந்து வந்து கத்திய கத்தலை இங்கே எழுதத் தேவையில்லை. கரிந்த சூப்புப் பானைக்கு ஒரு கத்தல், திறந்து கிடந்த கதவுக்கு ஒரு கத்தல். பிறகு இவளுடைய பாதங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் செருப்புச் சோடி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். மனிதர்கள் அப்படித்தான், கத்தலும் செருப்பும் ஒரே கையில் இருக்கும். அடுத்த விருந்தில்தான் கேதீஸ்வரிக்கு மற்ற விசயம் தெரியவந்தது. நபீஸாவின் தங்கச்சி றமீஸாவையும் கடல் கொண்டுபோயிருந்தது. தங்கச்சியை அடக்கிவிட்டுத்தான் அப்துல் மஜீத் ஆறு கடந்திருக்கிறார். அந்தச் செய்தி நெஞ்சுக்குள் கிடக்கத்தான் நபீஸா விருந்தாளிச் சீலைகளைச் சுமந்துகொண்டு மாடியேறியிருக்கிறாள். அன்று கேதீஸ்வரி அவளிடம் உன் வீட்டார் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குசினியில் இரண்டு பேரும் வெங்காயம் உரித்தார்கள், அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

“இனி வெள்ளைக்கும் ஒண்டு வெப்பம் புள்ள. வெள்ள போட்டா ஒன்ட மகள் சொகமா இரிக்காள் எண்டு அர்த்தம். வேற ஒண்டும் இல்ல,” என்றாள் நபீஸா.

கேதீஸ்வரி ஊருக்குத் திரும்பவில்லை. மகளுக்கு வீடு இன்னும் இல்லையே! இந்த முறை வீடு முனைக்காட்டில், ஆற்றடியில், பழைய வீட்டு வளவிலேயே. சண்டை திரும்பவும் வந்தது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பங்குனியில் படுவான்கரை முழுக்கச் செல் குண்டு விழுந்து, சனம் சட்டி பானையோடு ஆற்றைக் கடந்து ஓடிற்று. வாரக்கணக்கில் எதிர் மாடியில் வெள்ளை இல்லை. கேதீஸ்வரி விடிந்ததும் மேலே ஏறுவாள், சிவப்பும் மஞ்சளும் காய்வதைப் பார்த்துவிட்டு இறங்குவாள். ஒரு மத்தியானம் ஒரேயொரு தலையணை உறை, சின்னதாக, வெள்ளையாக, கொடியில் ஆடிற்று. எழுவான்கரை அகதிக் கேம்ப் ஒன்றிலிருந்து நிருஷா அப்துல் மஜீத்துக்குப் பேசியிருந்தாள். கேதீஸ்வரி கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பெருந்தெரு தண்ணீராக அசைந்தது, பாதை வந்துகொண்டிருந்தது, அவளுக்குப் பசிகூட எடுத்தது.

அடுத்த ஆண்டு நபீஸா ஊருக்குப் போய்விட்டாள். அந்த மாடியில் யாரோ ஒரு பிலிப்பைன்காரி நீலக் காற்சட்டைகளைக் காயப்போட்டாள். அவளுக்கு எப்போதும் சுகமில்லை என்று கேதீஸ்வரி தனக்குள் சிரித்துக்கொண்டாள். இப்போது அவளிடமே கைத்தொலைபேசி இருந்தது. மகளுக்குச் சாரனின் கதை, மஞ்சளின் கதை, பவுசர்க்காரனின் கதை, வெள்ளையின் கதை எல்லாம் சொன்னாள். நிருஷாவுக்கு வெள்ளையின் கதை அலுக்காது. திரும்பத் திரும்பக் கேட்பாள்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். வடக்கே வேறொரு வாவிக்கரையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மணல், எரிந்த வாகனங்கள், தண்ணீருக்குள் இறங்கி வரும் சனம். கேதீஸ்வரி பாத்திரத் துணியைக் கையில் பிடித்தபடி பார்த்தாள். இத்தனை பேருக்கும் வெள்ளை கட்டப்போவது யார்? அவளுடைய மனிசனுக்கே கட்டவில்லை. முடிந்தது என்ற சொல் அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை. மகளிடம் போகவேண்டும் என்ற ஒரு நினைப்பை மட்டும் தந்தது. முனைக்காட்டு வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. ஆவணியில் புறப்பட்டுவிட்டாள்.

கொழும்பில் இறங்கியதும் மகளுக்குப் பேசினாள். எடுக்கவில்லை. மட்டக்களப்பு பஸ்ஸில் இருந்தும் பேசினாள். எடுக்கவில்லை. மனதுக்குள் ஏதோ ஒன்று பழைய இடத்தில் வந்து குந்திக்கொண்டது. காலை வெயில் ஏறும் நேரத்தில் மண்முனைத்துறையில் பாதையில் ஏறினாள். ஆறு சும்மா கிடந்தது. இத்தனை ஆண்டு தாரில் கண்டுகொண்டிருந்த அதே மினுக்கம், அதே அவசரமில்லாத நகர்வு. இது கனவா, அது கனவா என்று ஒரு கணம் அவளுக்கே மயக்கமாக இருந்தது. பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அங்கால் கரையைப் பார்த்தாள்.

துறையடியில் வெள்ளை கட்டியிருந்தது. மரத்துக்கு மரம் கயிறு இழுத்து, நெடுக வெள்ளை.

“ஆரோ மோசம் போயிற்றாங்க போல,” என்றாள் பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு பெண்.

“பெரிய செத்த வீடாக்கும். இவ்வளவு கட்டியிருக்காங்களே,” என்றான் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன். பாதையில் பேச்சு அடங்கிற்று. ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

அது குவைத். இது ஊர். இந்தத் தண்ணீரில் வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்பது கேதீஸ்வரியின் எலும்புக்குத் தெரியும். மகள் ஏன் போன் எடுக்கவில்லை? பாதை அதன் பாட்டுக்கு நகர்ந்தது. அவளுக்கு இறங்கி அதைத் தள்ளவேண்டும் போலிருந்தது.

கரை கிட்ட வந்தது. வெள்ளையில் ஓரமாக ஓடிய சின்ன நீலப் பூக்கள் தெரிந்தன. அவள் போன ஆண்டு பெட்டியில் போட்டு அனுப்பிய கட்டில் சீலைகள் அவை. கயிற்றுக்குக் கீழே ஒரு பெண் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலையில் முக்காடு. வாயில் வெற்றிலை, இப்போது உதடு நல்ல சிவப்பு. நபீஸா ஆறு கடந்து வந்திருக்கிறாள். போன் எடுக்காததும் இவர்களுடைய வேலைதான். அவளுக்குப் பக்கத்தில் ஒரு குமர்ப்பிள்ளை, வளர்த்தியில் கேதீஸ்வரியை விட ஒரு சாண் கூட, இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு நின்றாள். அந்த முகம் தாய்க்கு அடையாளம் பிடிபடவில்லை. கடைசியாகக் கண்டபோது சின்னப்பிள்ளை.

“செத்த வீடில்ல,” என்றாள் கேதீஸ்வரி. “அது செத்த வீடில்ல கா. என்ட மகள் சுகமா இருக்கிறாள். அதுதான் கட்டியிருக்கு.”

கூடைக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குள் கேதீஸ்வரி பெட்டியை அவள் காலடியில் விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதையின் விளிம்பால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

“அம்மா! பாதை நிக்கட்டும் அம்மா! என்ன அவசரம்?” என்று பாதைக்காரர் கத்தினார். பின்னால் மோட்டார் சைக்கிள்காரனும் ஏதோ கத்தினான். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலளவு தண்ணீர், இளஞ்சூடு. பாதத்தைத் தூக்காமல் சேற்றில் இழுத்து இழுத்து நடந்தாள்.

கரையிலிருந்து அந்தக் குமர்ப்பிள்ளையும் தண்ணீரில் இறங்கினாள். முகம் இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் அவளும் காலைத் தூக்கவில்லை. இழுத்து இழுத்துத்தான் வந்தாள்.